டிக்கெட் கேட்டால் கை நடுங்க வேண்டாம்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் திருக்குறள் வகுப்புக்குத் தவறாமல் வரும் ஓர் அம்மாள் மூன்று வாரங்களாக வரவில்லை. பெயர் வேண்டாம், ஆச்சி என்றே எழுதுகிறேன். தென்காசிப் பக்கத்துக்காரர். கணவர் காலமான பிறகு மகனோடு இருக்க மும்பைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடியில் வீடு. உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ என்று பார்த்துவரப் போன என் மனைவி, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"நீங்க கொஞ்சம் வாங்க. ஆச்சி ஊருக்கே போறேன்னு பெட்டி கட்டி வச்சிருக்காங்க. ரயில்வே சமாச்சாரம். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

நான் ரயில்வேயில் தண்டவாளப் பகுதியில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தவன். ரயில்வே பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், அது சாப்பாட்டு வண்டி வடையைப் பற்றியதானாலும், இந்தக் கட்டடத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன்.

நடந்தது இதுதான். வேறொரு பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக ஆச்சி கிளம்பியிருக்கிறார். மகன் இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். வண்டி வந்தது. வாசலில் பெண்கள் நிற்பதைப் பார்த்து, பெண்கள் பெட்டிதான் என்று ஆச்சி ஏறிவிட்டார். பெண்கள் பெட்டிதான், ஆனால் முதல் வகுப்பு. மும்பை லோக்கல் வண்டியைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முதல் வகுப்புக்கென்று முழுப் பெட்டி கிடையாது. ஒரே பெட்டியைத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒரு பகுதி முதல் வகுப்பு, அடுத்த பகுதி இரண்டாம் வகுப்பு என்று வைத்திருப்பார்கள். இந்த வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் சில அடி தூரம்தான். வண்டி நிற்பதோ அரை நிமிஷத்துக்கும் குறைவு. வெளியே எழுதியிருப்பது தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும். ஆச்சிக்கு இரண்டும் தெரியாது.

இரண்டு நிலையம் தாண்டியதும் ஒரு பெண் பரிசோதகர் வந்தார். ஆச்சி டிக்கெட்டைக் காட்டினார். அந்த அம்மாள் முதலில் மராத்தியிலும் பிறகு ஹிந்தியிலும் ஏதோ சொன்னார். ஆச்சிக்குப் புரிந்தது 'ஃபைன்' என்ற ஒரு சொல் மட்டும். அடுத்த நிலையத்தில் இறக்கி அறையில் உட்கார வைத்தார்கள். பர்ஸில் இருந்தது அறுபது ரூபாய். விரல் மோதிரத்தைக் கழற்றி நீட்டியிருக்கிறார். பரிசோதகர் பதறிப்போய் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மகனுக்குப் போன் செய்திருக்கிறார். மகன் ஆபீஸில் சொல்லிக்கொண்டு வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது. முந்நூற்றுச் சொச்சம் கட்டினார். கட்டிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், "எத்தனை தடவைம்மா சொன்னேன்? மானத்தை வாங்கிட்டியே" என்று கத்தியிருக்கிறார்.

"எங்க ஐயா, பக்கத்துத் தோப்புத் தேங்கா நம்ம வரப்புல விழுந்தாக் கூடத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லுவாரு தம்பி. அவரு மக டிக்கெட் இல்லாத களவாணின்னு ரயில்வே கேஸ்ல ஏறிட்டேன். இனி இந்த ஊர்ல எப்படி வெளிய தலைகாட்ட?" என்று அழுதார்.

நான் அந்தச் சீட்டைக் கேட்டேன். மகன் அலமாரிக்குள் கசக்கிப் போட்டிருந்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதைப் படித்துச் சொன்ன பிறகுதான் ஆச்சியின் அழுகை அடங்கியது. என்ன சொன்னேன் என்பது நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்குமே பயன்படும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் அல்லன். டிப்ளமா படித்த என்ஜினீயர். ஆனால் இந்த விதிகளோடு பழகியவன்.

ரயில்வே சட்டம் என்று இப்போது நாம் சொல்வது 1989ஆம் ஆண்டுச் சட்டம். அது 1990 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1890ஆம் ஆண்டுச் சட்டம். டிக்கெட் விஷயத்தில் 137, 138 என்று இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நம் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு பயமும் அவமானமும்.

137ஆம் பிரிவு ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்பவரைப் பற்றியது. 'ரயில்வேயை ஏமாற்றும் நோக்கத்துடன்' என்ற சொற்களோடுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. முன்பே பயன்படுத்திய டிக்கெட்டைத் திரும்பக் காட்டுவது இதில் அடங்கும். இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இதை விதிக்க வேண்டியவர் மாஜிஸ்திரேட். பிளாட்பாரத்தில் நிற்கும் பரிசோதகர் யாரையும் குற்றவாளி என்று தீர்மானிக்க முடியாது.

138ஆம் பிரிவு வேறு. சரியான டிக்கெட் இல்லாதவர், டிக்கெட்டுக்கு உரிய தூரத்தைத் தாண்டிப் போனவர், டிக்கெட்டுக்கு மேற்பட்ட வகுப்பில் ஏறியவர், கேட்டவுடன் டிக்கெட்டைக் காட்டாதவர் ஆகியோரிடம் கட்டணத்தையும் அதன்மேல் ஒரு கூடுதல் தொகையையும் வசூலிப்பது பற்றியது. இங்கே எண்ணம் என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் தொகை ஒன்றுதான். நான் ஓய்வு பெற்றபோது அந்தக் கூடுதல் தொகை, செலுத்த வேண்டிய கட்டண அளவு அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. ஆச்சியிடம் வாங்கியது முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் உள்ள வித்தியாசமும் அந்த 250 ரூபாயும். பைசா கூடுதலாக வாங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"ஆச்சி, கேஸ் எதுவும் இல்ல. கோர்ட்டும் இல்ல, போலீஸும் இல்ல. இது ரசீது மட்டும்கூட இல்ல. இதுக்குப் பேரே எக்ஸஸ் ஃபேர் டிக்கெட். அதாவது இதுவும் ஒரு டிக்கெட்தான். நீங்க முதல் வகுப்புல போனதுக்கு முழுக்காசும் குடுத்து டிக்கெட் வாங்கியிருக்கீங்க, கொஞ்சம் விலை கூடிப்போச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

ஆச்சி அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதைச் சொன்னதும் மகன் இடைமறித்தார். "அப்ப அந்த டி.சி. மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்கலாமா சார்? வயசான அம்மாவை ஒரு மணி நேரம் உட்கார வச்சிருக்காங்க." கொடுக்கலாம், கொடுப்பதற்கு வழியும் இருக்கிறது என்றேன். ஆனால் எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள்? பணம் கேட்டது சரி. சீட்டுக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். மோதிரத்தைத் தொடவில்லை. கத்தியவர் அவர் அல்லவே. மகன் அதற்குமேல் பேசவில்லை. நானும் வளர்க்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நானே ஒருமுறை பிடிபட்டவன். 1980களின் தொடக்கத்தில், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத காலம். நாள் முழுக்க லைனில் வேலை. சட்டை முழுக்கச் சேறு. குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டு வண்டி ஏறினேன். டியூட்டி பாஸ் பழைய சட்டைப் பையில் தங்கிவிட்டது. வயதான பரிசோதகர் ஒருவர் வந்து கேட்டார். பையைத் தடவிப் பார்த்தேன். இல்லை என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஸ்டாஃப். இந்த வண்டி ஓடுற தண்டவாளத்தையே நான்தான் பார்த்துக்கறேன். என்கிட்டயா டிக்கெட் கேக்கறீங்க?" என்று குரலை உயர்த்தினேன். அவர் கொஞ்சமும் பதற்றப்படாமல், "தண்டவாளம் பார்க்கிறவருக்கு முகத்தில் சீல் குத்தி அனுப்புவதில்லையே, தம்பி. எனக்குத் தெரிந்தது காகிதம்தான்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. மாதக் கடைசி வேறு. கட்டிவிட்டு வந்து மேலதிகாரியிடம் புலம்பினேன். அவர், "பாஸ் உன் கையில் இல்லாவிட்டால் நீயும் சாதாரணப் பயணி. அவர் விட்டிருந்தால்தான் தவறு" என்று முடித்துவிட்டார். கோபம் ஆற எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஆகவே முதல் விஷயம், கையில் இருக்க வேண்டியது கையில் இருக்க வேண்டும். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதோடு அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும். 'வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன்' என்பது சட்டத்தின்படி செல்லாது. கேட்டவுடன் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. இப்போது பலரும் கைபேசியில் டிக்கெட் எடுக்கிறார்கள். வசதிதான். ஆனால் பாட்டரி தீர்ந்துவிட்டால் டிக்கெட் இல்லாதவர்தான். செயலியைத் திறந்து அதற்குள்ளேயே காட்ட வேண்டும். மகள் அனுப்பிய படத்தை வாட்ஸ்அப்பில் காட்டினால் ஏற்கமாட்டார்கள். பரிசோதகரைக் கண்ட பிறகு அவசர அவசரமாகக் கைபேசியை நோண்டும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். டிக்கெட் எடுத்த நேரம் அதிலேயே பதிவாகியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, கேட்கும்போது ஓடக் கூடாது. டிக்கெட்டே வைத்திருந்தாலும், கூட்டத்தில் ஒதுங்கி வேகமாக நடந்தால், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று பிறகு சொல்வது கஷ்டம். நின்று, நேராகப் பார்த்துப் பேச வேண்டும். மொழி வராது என்பதுதான் நம் பெரியவர்களுக்குப் பெரிய பயம். அதற்காக ஆச்சிக்கு மூன்று வாக்கியம் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'மேரா டிக்கெட் ஹை, தேக்கியே' - என்னிடம் டிக்கெட் இருக்கிறது, பாருங்கள். 'கல்தி ஸே இஸ் டிப்பே மே ஆ கயி' - தவறிப்போய் இந்தப் பெட்டியில் ஏறிவிட்டேன் (ஆண்கள் 'ஆ கயா' என்க). 'ரஸீத் தீஜியே' - ரசீது கொடுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதை ஒரு சீட்டில் எழுதி, அதன் பின்புறம் மகன் அல்லது மகளின் போன் நம்பரையும் எழுதிப் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வாக்கியம்தான் மிகவும் முக்கியம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. 'ஐம்பது கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று யாராவது சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல. அவர் பரிசோதகரே அல்லாமலும் இருக்கலாம். சாதாரண உடையில் வந்து பயணிகளை மிரட்டிப் பணம் பறித்த போலிகள் அகப்பட்டதுண்டு. உண்மையான பரிசோதகரிடம் அடையாள அட்டை இருக்கும். 'உங்கள் கார்டைக் காட்டுங்கள்' என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. ரசீதில் தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டுதான் மீதித் தூரம் போக வேண்டும்.

கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிக்கெட்டே இல்லாதவர் எந்த நிலையத்தில் ஏறினார் என்று சந்தேகம் வந்தால், வண்டி முதலில் புறப்பட்ட இடத்திலிருந்து கட்டணம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் எல்லோருடைய டிக்கெட்டையும் பரிசோதித்திருந்தால் அந்த இடத்திலிருந்து. நீண்ட தூர வண்டிகளில் இது பெரிய தொகையாகிவிடும். ஆகவே எங்கே ஏறினோம் என்பதற்கு ஏதாவது சான்று இருந்தால், ஒரு கடைச் சீட்டானாலும், உடனே காட்டுங்கள். கிளம்பும் அவசரத்தில் டிக்கெட் எடுக்க முடியாமல் போனால், ஏறுவதற்கு முன்பே அதிகாரமுள்ள ரயில்வே ஊழியரிடம் சொல்லி அனுமதிச் சான்று வாங்கிவிட்டால் கூடுதல் தொகை கிடையாது, கட்டணம் மட்டும்தான். இது 55ஆம் பிரிவு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் ஏறிவிட்டு, பிடிபட்ட பிறகு சொன்னால் இது உதவாது.

கையில் பணம் இல்லையென்றால்? கொடுக்க மறுத்தாலோ முடியாமல் போனாலோ மாஜிஸ்திரேட் மூலம் வசூலிக்க வழி இருக்கிறது. அந்த அளவுக்குப் போகவிடாமல் வீட்டுக்குப் போன் செய்யக் கேளுங்கள். டிக்கெட் இல்லாதவரை வண்டியிலிருந்து இறக்கிவிட 139ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்கிவிட முடியாது. அவர் ஏறிய நிலையம், சந்திப்பு, முனையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றில் மட்டும்தான், அதுவும் பகலில்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏதோ ஒரு காட்டு ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன் என்று யாராவது மிரட்டினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

உண்மையாகவே அநியாயம் நடந்தால், அங்கேயே சண்டை போட வேண்டாம். பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கி, பரிசோதகரின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள். 139 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். பிரிவும் 139, போன் நம்பரும் 139; ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. கையை ஓங்கிவிட்டாலோ, சட்டையைப் பிடித்துவிட்டாலோ, நம் பக்கம் இருந்த நியாயம் அதோடு போய்விடும். டிக்கெட் தகராறு என்பது மாறி, அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக வேறு வழக்காகிவிடும்.

ஊருக்குப் போகும் வண்டிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இணையத்தில் எடுத்த டிக்கெட்டோடு அடையாள அட்டை இல்லையென்றால் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான். டிஜிலாக்கரில் அரசு தந்த ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் 2018 முதல் ஏற்கிறார்கள்; நாமே படம் பிடித்து அதில் ஏற்றியதை ஏற்பதில்லை. இணையத்தில் எடுத்து, சார்ட் போட்ட பிறகும் முழுவதும் வெயிட்டிங் லிஸ்டிலேயே நிற்கும் டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். அதைக் காட்டிக்கொண்டு ஏறக் கூடாது. பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டதா என்பதில் நம் தாய்மார்கள் காட்டும் கைவேலையை நான் அறிவேன். பள்ளிக்கூடப் பையோடு நிற்கும் பையனை நாலு வயது என்று சொன்னால் எந்தப் பரிசோதகர் நம்புவார்? பையனே உண்மையைச் சொல்லிவிடுவான்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஒருவர் பெயரில் எடுத்ததில் இன்னொருவர் போவது. 'அண்ணன் டிக்கெட்டில் தம்பி போனால் என்ன? காசு கட்டியாகிவிட்டதே' என்கிறார்கள். இது ஆச்சி செய்தது போன்ற தவறு அல்ல, தெரிந்தே செய்வது. டிக்கெட்டைக் கைமாற்றுவதற்குத் தனிப் பிரிவும் தண்டனையும் உண்டு. இத்தனைக்கும் நேர்வழி இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பிள்ளைகள் இவர்களுக்குள் பெயரை மாற்ற, வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பு முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு மனு எழுதச் சோம்பல்பட்டு, குடும்பத்தோடு விழுப்புரம் வரை திக்திக்கென்று உட்கார்ந்து வருவானேன்?

பஸ்ஸில் விதி கொஞ்சம் வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, கண்டக்டர் டிக்கெட் தரும் பஸ்ஸில் ஏறிய பிறகு வாங்கலாம். வாங்காமல் இருந்தால் 500 ரூபாய் வரை அபராதம். ஆனால் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் தராத கண்டக்டருக்கும் அதே சட்டத்தில் அபராதம் இருக்கிறது. ஆகவே கூட்டத்தில் காசு கொடுத்தால் டிக்கெட் கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஆச்சி கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டார். அதற்கு என் சட்டப் பேச்சு பாதிதான் காரணம். அன்றிரவு மகன் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாக மருமகள் என் மனைவியிடம் சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை என் மனைவியோடு ஆச்சி மகள் வீட்டுக்குப் போய்வந்தார். வண்டி வருமுன் பிளாட்பாரத்தில் நின்று, முதல் வகுப்பு எழுத்து எப்படி இருக்கும் என்று என் மனைவியிடம் கேட்டு, உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டாராம். போக வர வழி முழுக்க டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

போன ஞாயிறு வகுப்புக்கு வந்தபோது பர்ஸைத் திறந்தார். உள்ளே முருகன் படத்துக்குப் பின்னால் அந்த எக்ஸஸ் ஃபேர் டிக்கெட் நாலாக மடித்து வைத்திருந்தது.

"ஆச்சி, இதோட தேதி முடிஞ்சுபோச்சு. இனி இது செல்லாது" என்றேன்.

"தெரியும் தம்பி. யாராச்சும் கேட்டாக் காட்டணும்லா" என்றார்.